புது டயர் பின்னால்தான்

"சார், புதுசு ரெண்டையும் முன்னாடி போட்றலாம்ல?"

மதுரையில் காருக்கு இரண்டு டயர் மட்டும் வாங்கியவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. பதில் சொல்வதற்குள் ஜாக்கி முன்பக்கம் போயிருக்கும். வண்டிக்காரருக்கும் அதில் மறுப்பு இருக்காது. ஸ்டியரிங் முன்னால், இன்ஜின் முன்னால், பிரேக் பிடித்தால் பாரம் இறங்குவதும் முன்னால். காசு கொடுத்து வாங்கிய நல்ல டயர் வேறு எங்கே போகும்?

பின்னால் போக வேண்டும். இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புது ஜோடி பின் அச்சுக்கு. இதுவரை பின்னால் ஓடிய பாதித் தேய்ந்த ஜோடி முன்னால். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கும் இதேதான். மிஷ்லின் போன்ற பெரிய டயர் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவருகின்றன. இருந்தும் நம் பக்கத்துக் கடைகளில் இது எடுபடவில்லை. முன்னால் போடச் சொல்லும் காரணம் ஒவ்வொன்றும் கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருக்கிறது.

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவற்றை உந்தியவை பின்சக்கரங்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு முன்சக்கர இழுவை நம் தெருக்களுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது. இன்று நாம் ஓட்டும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது மூன்றும் முன் டயர்களின் தலையில் விழுந்தன. அதனால் அவை முதலில் தேய்கின்றன. தேய்ந்ததைக் கழற்றிய இடத்திலேயே புதியதை மாட்டுவது கைவேலைக்கும் எளிது, மனசுக்கும் நிம்மதி. ஆனால் எந்த டயர் அதிகம் உழைக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த டயர் பிடி விட்டால் வண்டி கையை விட்டுப் போகும் என்பது வேறு கேள்வி. டயர் கடையில் நாம் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது கேள்விக்கான பதிலை வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிடலாம். சக்கரம் நன்றாகச் சுழலும் பொம்மைக் கார் ஒன்று, வழவழப்பான நீளப் பலகை ஒன்று போதும். முன்சக்கரம் இரண்டும் சுழலாதபடி செலோடேப் சுற்றி ஒட்டிவிட்டு, பலகையின் மேல் முனையில் மூக்கு கீழே பார்க்க வைத்து, பலகையைச் சரிவாகத் தூக்குங்கள். கார் வழுக்கிக்கொண்டு இறங்கும். மூக்கு முன்னால் இருக்க, ஏறக்குறைய நேராகக் கீழே போய்ச் சேரும். இப்போது டேப்பைப் பிரித்துப் பின்சக்கரங்களில் ஒட்டுங்கள். அதே பலகை, அதே சரிவு. கார் கொஞ்ச தூரம்தான் போகும். வால் ஒரு பக்கமாக விலகும், விலகல் கூடிக்கொண்டே போகும், பாதி வழியில் கார் முழுக்கத் திரும்பிப் பின்பக்கம் முன்னால் வர இறங்கும். எத்தனை தடவை விட்டுப் பார்த்தாலும் அதுதான் நடக்கும்.

சுழலும் சக்கரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முன்னும் பின்னும் உருள அதற்குத் தடை மிகக் குறைவு. பக்கவாட்டில் தள்ளினால் முரண்டு பிடிக்கும். சுழலாமல் வழுக்கும் சக்கரத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிராக உராயும், அவ்வளவுதான். இனி, கார் நூலளவு கோணலாகிறது என்று வையுங்கள். பின்சக்கரங்கள் உருண்டுகொண்டிருந்தால், வால் பக்கவாட்டில் விலகப் பார்க்கும்போது அவை தடுத்து மறுபடி வரிசைக்குக் கொண்டுவரும். கோணல் தானே சரியாகிவிடும். பின்சக்கரங்கள் வழுக்கி முன்சக்கரங்கள் மட்டும் உருண்டால், பக்கவாட்டுப் பிடி முழுவதும் வண்டியின் எடைமையத்துக்கு முன்னால் சேர்ந்துவிடுகிறது. அது மூக்கைக் கோணலான திசையிலேயே இன்னும் தள்ளும். கோணல் கோணலை வளர்க்கும். நிறுத்த எதுவும் இல்லை.

நிஜக் காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால்தான் இப்படி ஆகும் என்றில்லை. தேய்ந்த டயர் ஈரச் சாலையில் பக்கவாட்டுப் பிடியை இழந்தாலே பொம்மைக் காரின் டேப் ஒட்டிய சக்கரத்தின் நிலைக்கு வந்துவிடும். முன்னால் நல்ல டயர், பின்னால் மொட்டை டயர் என்று மாட்டுகிறவர், அந்தப் பலகையின் இரண்டாவது சோதனையைத் தன் குடும்பத்தை உட்கார வைத்துச் செய்கிறார். கடுமையான வார்த்தைதான், தெரிந்தே எழுதுகிறேன்.

முன்பக்கம் பிடி இழந்து, திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வண்டி வெளிப்பக்கமாகப் போவதை அண்டர்ஸ்டியர் என்பார்கள். பின்பக்கம் பிடி இழந்து வால் வெளியே வீசுவது ஓவர்ஸ்டியர். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஓலி போன்ற பொறியாளர்கள் இவற்றை முறையாக ஆராய்ந்து வகுத்தார்கள். இன்று சாதாரணக் குடும்பக் கார் எதுவானாலும் எல்லை மீறும்போது முதலில் முன்பக்கமே பிடி இழக்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. பிரேக்கிலும் அதே ஏற்பாடு. முன்சக்கரம் பூட்டும் முன்பே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி இரண்டுக்கும் இடையே விசை பங்கிடப்படுகிறது. இந்தக் கணக்கெல்லாம் நான்கு மூலையிலும் ஒரே தரத்தில் டயர் இருக்கும் என்று நம்பிப் போடப்பட்டவை. தேய்ந்த ஜோடி பின்னால் போன அன்றே அந்தக் கணக்கு தலைகீழாகிறது.

பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் இறங்குகிறது என்ற வாதத்தையும் எண்களோடு பார்த்துவிடலாம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார். நிற்கும்போது முன்னால் 600, பின்னால் 400. இரு அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர், எடைமையத்தின் உயரம் 55 செ.மீ. என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் புவியீர்ப்பு முடுக்கத்தில் 80 சதவீத அளவுக்குப் பலமாகப் பிரேக் பிடித்தால், ஏறத்தாழ 180 கிலோ பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. முன் அச்சில் 780, பின் அச்சில் வெறும் 220. ஒரு பின்சக்கரத்துக்கு 110 கிலோ. டயரின் பிடி அதன்மேல் அழுந்தும் பாரத்தைப் பொறுத்தது. ஆக, வண்டி நேராக நிற்க வேண்டிய அந்த நொடியில் பின் டயரின் பிடி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. முன்னால் பாரம் கூடுகிறது என்பது முழு உண்மை. அதன் மறுபாதிதான் பின்னால் பாரம் குறைகிறது என்பது. ஏற்கெனவே இளைத்துப்போகும் இடத்தில் இளைத்த டயரையும் கொண்டுபோய் வைப்பதா?

நேர்கோட்டில் ஈரத்தில் பிரேக் பிடித்தால் புது டயர் முன்னால் இருக்கும் வண்டி சற்று முன்னதாக நிற்கும் என்பதை மறுப்பதற்கில்லை. அந்தச் சில மீட்டரை விட்டுக்கொடுத்துத்தான் பின்பக்கத்துக்குப் பிடி வாங்குகிறோம். விட்டுக்கொடுக்கலாம் என்பதற்குக் காரணம் வண்டியில் இல்லை, ஓட்டுகிற மனிதரிடம் இருக்கிறது.

முன் டயர் பிடி தளரும்போது ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். திருப்பினால் திரும்பவில்லை என்பது உடனே உறைக்கும். பயத்தில் நாம் செய்வது என்ன? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். வேகம் குறையும், பாரம் முன்னால் இறங்கும், முன் டயர் மறுபடி பிடிக்கும். யாரும் சொல்லித்தராத அனிச்சைச் செயலே மருந்தாகிறது. பின் டயருக்கு அப்படிக் கையோடு பேசும் கம்பி எதுவும் இல்லை. வளைவில் வால் விலகத் தொடங்கி, முதுகில் அது தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அப்போதும் அதே பயம், அதே கால் மேலே வரும். பாரம் முன்னால் போகும், பின்பக்கம் இன்னும் இலேசாகும், வால் இன்னும் வேகமாக வீசும். அங்கே பிழைக்க வேண்டுமானால் காலைப் பதறாமல் வைத்துக்கொண்டு, வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பி, வண்டி நேராகும்போது அதே வேகத்தில் திருப்பத்தை விடுவிக்க வேண்டும். இத்தனையும் ஒரு நொடிக்குள். ரேஸ் ஓட்டுநர்கள் பயிற்சியில் பெறும் கை அது. திருமங்கலத்திலிருந்து பிள்ளைகளோடு திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனிடம் அதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. அமெரிக்காவில் தென் கரோலினாவில் மிஷ்லினுக்குச் சொந்தமான சோதனைத்தளம் ஒன்று இருக்கிறது. அதுபோன்ற தளங்களில் தண்ணீர் விட்ட வட்டப் பாதையில் இரண்டு விதமாகவும் டயர் மாட்டி ஓட்டிக் காட்டுவார்கள். தேய்ந்தது பின்னால் இருக்கும் கார் சுழன்று நிற்கும். ஓட்டுகிறவர் தேர்ந்தவராக இருந்தாலும்.

"நம்ம ஊர்ல மழை எங்க பெய்யுது?" என்பது அடுத்த கேள்வி. மதுரைக்கு ஆண்டு மழை சுமார் 85 செ.மீ.தான். அதிலும் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ப்பது. மற்ற மாதங்களில் அங்கங்கே மாலையில் இடியோடு ஒரு பாட்டம். இந்தப் பெய்யும் விதம்தான் ஆபத்தைக் கூட்டுகிறது. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த சாலையில் எண்ணெய்ச் சொட்டும் ரப்பர்த் தூளும் புழுதியும் படிந்து கிடக்கும். முதல் கால் மணி நேர மழை அதைக் கழுவாது, குழைத்துவிடும். ஓட்டுநரும் மாதக்கணக்கில் ஈரச் சாலையைப் பார்க்காதவர். உலர்ந்த சாலையின் வேகத்திலேயே அதில் நுழைகிறார். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களே கால்வாயாயின. அப்படி முழங்காலளவு தண்ணீர் நின்றால் யாரும் வேகமாகப் போவதில்லை. ஆகவே டயர் விஷயத்தில் அது பெரிய அச்சமும் இல்லை. விரலைப் படுக்க வைத்தால் நனையும் அளவு தண்ணீர், 80 கி.மீ. வேகம், ஒரு நீண்ட வளைவு. பயப்பட வேண்டியது இதற்கு.

கடைக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் ரப்பர்க் கட்டிகளுக்கு இடையே காடிகள் ஓடுகின்றன அல்லவா, அவை இருப்பது தண்ணீருக்காகவே. உலர்ந்த தார்ச்சாலைக்குக் காடி தேவையில்லை. ரேஸ் கார்கள் வெயிலில் வழுவழுப்பான டயரோடுதான் ஓடுகின்றன. 165 மி.மீ. அகலமுள்ள டயர், 3 மி.மீ. தண்ணீர், 80 கி.மீ. வேகம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நொடியும் அந்த ஒரே டயர் 11 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து விலக்க வேண்டும். தரையைத் தொடும் பகுதியின் நீளம் ஒரு சாண்கூட வராது. ரப்பரின் ஒரு துண்டு சாலையோடு ஒட்டியிருக்கும் நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் தண்ணீர் பக்கவாட்டிலும் காடிகளிலும் ஓடி ஒளிய வேண்டும். புது டயரில் காடியின் ஆழம் 8 மி.மீ. போல இருக்கும். அது 2 மி.மீ. ஆகத் தேய்ந்தால் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் நாலில் ஒன்று. மீதித் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து அதைத் தூக்கிவிடும். அதன்பின் டயர் தொடுவது சாலையை அல்ல, தண்ணீரை.

1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்பவரும் சகாக்களும், ஈரமான ஓடுபாதையில் விமானங்கள் ஏன் வழுக்குகின்றன என்று ஆராய்ந்து எளிய விதி ஒன்றைக் கண்டார்கள். டயரின் காற்றழுத்தத்தைப் பிஎஸ்ஐயில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைக்கும். காடியால் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் இருக்கும்போது பொருந்தும் விதி இது. 32 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 94 கி.மீ. காற்று இறங்கி 24 ஆகிவிட்டால் 82. நான்கு வழிச் சாலையில் நம் கார்கள் அன்றாடம் தொடும் வேகங்கள்தாம் இவை. மொட்டை டயருக்கு மெல்லிய தண்ணீரே இந்த நிலையைக் கொண்டுவந்துவிடும். பட்டன் உள்ள டயருக்கு அதைவிட ஆழமான தண்ணீர் வேண்டும்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையிலோ மேலூர் சாலையிலோ மழையில் ஓட்டும்போது ஒன்றைக் கவனிக்கலாம். வளைவுகளில் வேகத்துக்கு ஏற்றபடி சாலையை ஒரு பக்கம் உயர்த்தி, சாய்வாகப் போட்டிருப்பார்கள். சாய்வு நடுத்தடுப்பைப் பார்த்து இருக்கும் பாதையில் மழைநீர் அரளிச்செடி வரிசையை நோக்கி ஓடிவரும். அங்கே வடிகால் துளைகளை மண் அடைத்திருந்தால், முந்திச் செல்வதற்கான வலப்பக்கத் தடத்திலேயே நீளமாகத் தண்ணீர் தேங்கும். நேர்ச்சாலையில் பின் டயருக்கு ஒரு சலுகை உண்டு. முன் டயர் ஒதுக்கிவிட்ட தடத்திலேயே அது ஓடுவதால் தண்ணீர் குறைவாக எதிர்ப்படும். வளைவில் பின் டயர் முன் டயரின் தடத்தில் போகாது. சற்று விலகித் தனித் தடம் போடும். சலுகை பறிபோவது சரியாக வளைவில், பக்கவாட்டுப் பிடி மிகவும் வேண்டிய இடத்தில்.

மழையைவிட நம் ஊரில் பெரிய பயம் டயர் வெடிப்பது. சித்திரை வெயிலில் சாலையில் கால் வைக்க முடியாத ஊருக்கு அந்தப் பயம் இயல்புதான். மதுரைக்கும் டயருக்குமான உறவு பழையது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களின் தொடக்கத்தில் பஸ் ஓட்டத் தொடங்கியது இங்கே; மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டி பஸ்ஸுக்கு முன்னே போகும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரு சக்கர வாகனங்களுக்கு டயர் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் ஆலை மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், "முன் டயர் வெடிச்சா போச்சு சார்" என்ற பேச்சுக்கு வலிமை அதிகம்.

வெடிப்பதற்கான காரணங்களில் பட்டன் தேய்வு முன்வரிசையில் இல்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரிகிறது. மடங்கும் ரப்பர் சூடாகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர் ஏறிக் குலதெய்வம் கோயிலுக்கு மத்தியான வெயிலில் 100 கி.மீ. வேகத்தில் போனால் பாரம், வெயில், வேகம் மூன்றும் ஒன்றுகூடி அந்தச் சூட்டை ஏற்றிவிடும். வயதும் சேரும். டயரின் பக்கச்சுவரில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல், பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஓட்டக் கூடாது. பக்கச்சுவரில் வெடிப்போ புடைப்போ உள்ள டயர் முன்னாலும் ஆகாது, பின்னாலும் ஆகாது. இன்னொன்று, முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, பிரேக்கை மிதிக்காமல் வேகத்தைத் தானே இறங்கவிட்டால் பெரும்பாலும் ஓரம் கட்டிவிடலாம். பின் டயர் வெடித்தால் மறுபடி அந்தப் பலகையின் இரண்டாவது சோதனைதான்.

புதியது பின்னால் என்றால் மொட்டை முன்னால் என்று பொருள் இல்லை. காடிக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பக்கச்சுவரின் விளிம்பில் ஒரு முக்கோணக் குறியோ டிடபிள்யூஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். மேட்டின் உயரம் 1.6 மி.மீ. நம் நாட்டு விதியிலும் காருக்கு அதுவே எல்லை. பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்ட டயரை எங்கேயும் மாட்டக் கூடாது. பின்னால் இருந்த ஜோடியும் 3 மி.மீ.க்கு இறங்கிவிட்டிருந்தால் நான்கையும் மாற்றுவதே நல்லது. மழைக்காலம் முன்னால் இருக்கும்போது அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரே அச்சில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று மாட்டுவது எதிலும் சேராது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும், இரண்டும் வேறுவேறு சுற்று சுற்றும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு நான்கு டயருமே ஏறக்குறைய ஒரே தேய்வில் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதியிருப்பார்கள்.

"என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது" என்பவர்களுக்கு: சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்ளும், அதுவே பெரிய உதவி. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது நல்ல காரியம். ஆனால் இருக்கும் பிடியைப் பங்கிட்டுத் தருவதுதான் அதன் வேலை. தண்ணீரில் மிதக்கும் டயருக்கு இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. சுழற்சியைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் ஏதாவது ஒரு சக்கரத்தைப் பிரேக் பிடித்துத்தான் வண்டியைத் திருத்துகிறது. அந்தச் சக்கரம் தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணே, பின்னாடி இருக்க ரெண்டையும் முன்னாடி மாத்திட்டு, புதுசப் பின்னாடி போடுங்க" என்று ஜாக்கி ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவது. இரண்டுக்குப் பதில் நான்கு சக்கரம் கழற்ற வேண்டியிருப்பதால் கூலி கொஞ்சம் கூடும். முன்னால் வந்த ஜோடிக்கும் பேலன்ஸிங் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 80ஐத் தொடும்போது ஸ்டியரிங் உதறும். பின்னால் புது ஜோடியும் முன்னால் பாதித் தேய்ந்ததும் ஆன பிறகு, வழக்கமாக 10,000 கி.மீ.க்கு ஒருமுறை நான்கையும் இடம் மாற்றும் பழக்கத்தை நிறுத்திவிடலாம். மாற்றினால் தேய்ந்தது மறுபடி பின்னால் போய்விடும். முன்னால் இருப்பது இயல்பாகவே சீக்கிரம் தேய்ந்து தீரும். அப்போது பின் ஜோடி முன்னால் வரும், அடுத்த புது ஜோடி பின்னால் ஏறும். இந்த வரிசையில் ஓட்டினால் பின்னால் கிடந்து வயதாகி ரப்பர் இறுகிய டயர் என்று ஒன்று வண்டியில் சேராது.